தோற்கத் துணிந்த கதை

சென்ற இதழில் ஒரு பதிலின் கடைசியில், ‘சமயம் இருக்கிறது என்பதற்காக ஒரு நாவலை ஒதுக்கிவிடாதீர்கள்’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். யோசித்து யோசித்து எழுதியதற்குக் கடிதம் வராது, போகிற போக்கில் எழுதியதற்குத்தான் குவியும் என்பது இந்தப் பகுதியில் நான் கண்ட விதி. பக்தர்களும் எழுதியிருக்கிறார்கள், பகுத்தறிவாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு தரப்பும் என்னை மறு தரப்பின் ஆள் என்று முடிவு கட்டியிருக்கிறது. ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் இருபது வயதிலிருந்து கடவுள் மறுப்பாளன். இப்போது வயது அறுபத்திரண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலைத் தமிழில் படித்தேன். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் மடத்துத் துறவியிடம் வந்து அழும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நானும் அழுதேன். “வயதானால் எல்லாருக்கும் பக்தி வரத்தான் செய்யும்” என்று மனைவி சிரிக்கிறார். நாற்பது வருடக் கொள்கை இளகிவிட்டதா?

பதில்: ஐயா, அந்தப் பக்கங்களில் நடப்பதை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். உங்கள் மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தத் தாய் வெகு தொலைவிலிருந்து வந்திருக்கிறாள். மகனுக்கு மூன்று வயதாக மூன்று மாதம் பாக்கி என்கிறாள். இப்படி மாதக் கணக்கில் சொல்ல பெற்றவளால்தான் முடியும். அவனுடைய சின்னச் சட்டையையும் காலணியையும் எடுத்து எடுத்துப் பார்த்து அழுவதாகச் சொல்கிறாள். அவனிடம் பேச வேண்டாம், கிட்டேகூடப் போக வேண்டாம், ஒரு மூலையில் ஒளிந்து நின்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும், அறைக்குள் அந்தக் குட்டிக் கால்கள் தத்தித் தத்தி நடக்கும் ஓசையைக் கேட்டால் போதும் என்கிறாள்.

இப்போது துறவி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். முதலில், மதம் கைவசம் வைத்திருக்கிற ஆறுதலைச் சொல்கிறார்: இறந்த குழந்தைகள் தேவதூதர்களாகி இறைவன் முன்னால் மகிழ்ந்திருக்கிறார்கள், அழாதே. அதற்கு அவள், “என் கணவரும் இதையேதான் சொல்கிறார். சொல்லிக்கொண்டே அவரும் அழுகிறார்” என்ற பொருளில் பதில் தருகிறாள். அவ்வளவுதான், தயாராக இருந்த ஆறுதல் அங்கேயே செத்துவிழுகிறது. துறவி அதற்கு மேல் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. சரி, ஆறுதல் அடையாதே, அழு என்கிறார்.

பிரசங்கத்துக்காக எழுதப்பட்ட கதையாக இருந்தால் முதல் ஆறுதலிலேயே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். நீங்களும் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். நம்பிக்கை கொண்ட எழுத்தாளர் ஒருவர் தன் நம்பிக்கையின் வாயில் வந்த வாக்கியத்தையே ஒரு தாயிடம் தோற்கவிடுகிறார். உங்களை அழவைத்தது அந்தத் துணிச்சல் என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு பின்கதையும் உண்டு. நாவலில் இறந்த குழந்தையின் பெயர் அலெக்ஸி. தஸ்தயேவ்ஸ்கியின் மகன் பெயரும் அதுவே. மூன்று வயது நிறையும் முன்னரே 1878-ஆம் ஆண்டு வலிப்பு வந்து அவன் இறந்தான். தகப்பனுக்கும் வலிப்பு நோய் உண்டு. மகனுக்குத் தன்னிடமிருந்து என்ன போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்தக் கோடையில், விளாதிமிர் சொலவியோவ் என்ற இளம் தத்துவ அறிஞரோடு ஆப்டினா மடத்துக்குப் போய் அம்ப்ரோசி என்ற மூத்த துறவியைச் சந்தித்தார். அவர் தனக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தைகளைக் கணவர் பின்னாளில் நாவலில் சேர்த்தார் என்று மனைவி அன்னா தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆக, அந்தச் சட்டையும் காலணியும் கற்பனைச் சரக்கு அல்ல.

இதே நாவலில், குழந்தைகள் படும் துன்பத்தை முன்வைத்து, சகோதரர்களில் ஒருவனான இவான் கடவுளின் உலகத்தையே திருப்பிக் கொடுக்கும் அத்தியாயம் ஒன்று வருகிறதே, அது உங்களுக்குப் பிடித்திருக்கும். எழுதியவர் ஆத்திகர். அந்தக் குற்றச்சாட்டுக்குத் தான் அடுத்து எழுதப்போகும் பதில் போதுமானதாக இருக்குமா என்று 1879-இல் கடிதத்தில் கவலைப்பட்டவர். போதாது என்று நினைக்கிற வாசகர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் இவானின் வாயைக் கட்டிவிட்டு எழுதவில்லை.

கொள்கை இளகிவிட்டதா என்று கேட்டீர்கள். இவான் பேசும் பக்கங்களை மறுபடி எடுத்துப் படியுங்கள். எந்த வரிக்குத் தலையாட்டுகிறீர்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு இடத்திலும் தலையாட்டினால் அதற்கும் பயப்பட வேண்டாம். நாவல் படிக்கிறவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

கேள்வி: நான் இறைநம்பிக்கை உள்ளவள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ கதையை எடுத்துக்கொண்டோம். படித்துவிட்டு இரண்டு நாள் மனது சரியில்லை. நாம் வணங்குகிற ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கதையை நான் ஏன் ரசிக்க வேண்டும்? இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?

பதில்: அம்மா, ரசித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வேண்டுமென்றே சீண்டுவதற்காக எழுதப்படும் கதைகளும் இருக்கின்றன. அவற்றை மூடிவைத்துவிடலாம், குற்றம் இல்லை. நானும் பலவற்றை மூடியிருக்கிறேன். இந்தக் கதை அந்த ரகம் இல்லை என்பதுதான் என் கட்சி.

படிக்காதவர்களுக்காக: ராமன் பாதம் பட்டு உயிர்பெற்ற அகலிகை, வனவாசம் முடிந்து வரும் சீதையைச் சந்திக்கிறாள். தீக்குளித்ததைச் சீதை சொல்கிறாள். ‘அவர் கேட்டாரா?’ என்பதுதான் அகலிகையின் கேள்வி. முடிவில் அவள் மறுபடி கல்லாகிவிடுகிறாள். 1943-இல் வந்த கதை. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமலும் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். சண்டைக்காரர்தான், மறுக்கவில்லை.

ஆனால் அகலிகை ஏன் கல்லாகிறாள் என்று யோசியுங்கள். ராமன் மேல் அவளுக்கு நம்பிக்கையே இல்லை என்றால் அந்தச் செய்தி அவளுக்கு வெறும் செய்தி. ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். உலகமே தள்ளிவைத்த தன்னை ஒருவன் மட்டும் மதித்தான் என்று நம்பி அந்த நம்பிக்கையின் மேலேயே மறுபடி வாழத் தொடங்கியவள் அவள். அதனால்தான் அவ்வளவு அடி விழுகிறது. வெளியே நின்று கல்லெறிகிறவருக்கு இந்தக் கதை தோன்றியிருக்காது. ராமனுடைய தர்மத்தை முழுக்க நம்பி, அந்த அளவுகோலை ராமன் மேலேயே வைத்துப் பார்த்ததால் பிறந்த கதை. உங்களுக்கு இரண்டு நாள் மனது சரியில்லை என்றால், அகலிகையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வாசிப்பு வட்டத்தில் உங்களைவிட ஆழமாக யாரும் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் சங்கடம் உங்களுக்கு மட்டும் வந்தது அல்ல. கிரகாம் கிரீன் என்ற ஆங்கில எழுத்தாளர், கத்தோலிக்கர், 1940-இல் ஒரு பாதிரியாரைப் பற்றி நாவல் எழுதினார். மெக்சிகோவில் சமயம் ஒடுக்கப்பட்ட காலம். தப்பி ஓடும் அந்தப் பாதிரியார் குடிகாரர். ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனும்கூட. 1953-இல் வாடிகன் இந்த நாவலைக் கண்டித்தது, திருத்தச் சொன்னது. பதிப்புரிமை பதிப்பகத்தார் கையில் இருக்கிறது என்று சொல்லி கிரீன் நழுவிவிட்டார். சுவையான செய்தி என்னவென்றால், அப்போதே வாடிகனுக்குள் இருந்துகொண்டு அந்த நாவலுக்காகப் பரிந்து எழுதியவர் மொந்தினி என்ற அதிகாரி. அவர்தான் பின்னாளில் ஆறாம் பவுல் போப்பாண்டவர். 1965-இல் கிரீனைச் சந்தித்தபோது, உங்கள் புத்தகங்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கர்களைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நாவலில் ஒரு காட்சி உண்டு. திருப்பலிக்குத் திராட்சை ரசம் வேண்டும். ஊரில் அது தடை செய்யப்பட்டது. பாதிரியார் கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுத்துத் திருட்டுத்தனமாக ஒரு புட்டி வாங்குகிறார். கூடவே ஒரு புட்டி பிராந்தி. விற்றவனும், பிறகு வந்து சேர்ந்த அதிகாரியும், மரியாதைக்கு ஒரு வாய் என்று உட்காருகிறார்கள். பிராந்தியை அவர்கள் பக்கம் தள்ளித் தள்ளி வைக்கிறார் இவர். அவர்களோ ரசத்தையே ஊற்றிக்கொள்கிறார்கள். யார் என்று காட்டிக்கொண்டால் உயிர் போய்விடும், தடுக்க முடியாது. கண்ணெதிரில் புட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது. இவர் கண்ணில் நீர் வழிகிறது. போதை ஏறிவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். ‘திருப்பலி எவ்வளவு புனிதமானது’ என்று நூறு பக்கம் எழுதியிருந்தாலும் அந்தக் காலிப் புட்டி சொல்வதைச் சொல்லியிருக்க முடியாது. சொல்வதோ ஒரு குடிகாரர்! பக்தி உள்ள உங்களுக்கு இந்தக் காட்சி என்னைவிடக் கூடுதலாகவே பிடிபடும். நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கிடைக்காத ஒரு ருசி இதில் உங்களுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நீதிக்கதை என்றாலே கொட்டாவி வருகிறதே, ஏன்?

பதில்: முடிவு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுவதால். இதில் நான் நிபுணன். இளவயதில் ஒரு சமய மாத இதழில் பிழை திருத்துபவனாக வேலை பார்த்தேன். மாதம் மூன்று சிறுகதைகள் வரும். கடவுளைப் பழித்தவனுக்கு மூன்றாம் பக்கத்தில் கால் முறியும். ஐந்தாம் பக்கத்தில் கட்டு அவிழும்போது மனமும் திருந்திவிடும். வருடக் கணக்கில் முறிந்த கால்களை எண்ணியிருந்தால் ஒரு மருத்துவமனையே கட்டியிருக்கலாம். ஒரு முறை ஆசிரியரிடம், “இந்த மாதமாவது ஒருவனுக்குக் கையை முறிக்கலாமே” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் கை முறிந்து வந்தது.

கெட்டவன் தரப்பு நியாயத்தை ஒரு பக்கமாவது அவன் வாயாலேயே கேட்க முடிந்தால் அது நீதிக்கதையாக இருந்தாலும் கொட்டாவி வராது. சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: ‘மணிமேகலை’யை நீங்கள் முழுதாகப் படித்தது உண்டா? உண்மையைச் சொல்ல வேண்டும்.

பதில்: மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் இருபத்தேழாம் காதையில் மாட்டிக்கொண்டேன். முப்பது காதைகளில் இருபத்தாறைக் கடந்தவனுக்குக் கரை கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது பார்த்து அளவைவாதியில் தொடங்கி பூதவாதி வரைக்கும் பல சமயத்தார் வரிசையாக வந்து தத்தம் கொள்கையை விளக்குகிறார்கள். பசிநோய் பிடித்த காயசண்டிகையும் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய மணிமேகலையும் எங்கே போனார்கள் என்று வாசகன் தேடுகிறான். அதைத் தாண்டினால் இருபத்தொன்பதில் பௌத்த தருக்கம் காத்திருக்கிறது.

நான்காம் முறை கடந்துவிட்டேன். என்னைக் கரையேற்றியது ஒரு சிரிப்பு. கண்ணால் கண்டது மட்டுமே உண்மை, ஊகித்து அறிவதெல்லாம் செல்லாது என்கிறான் பூதவாதி. ஆண்துறவி வேடத்தில் இருக்கும் மணிமேகலை அதைக் கேட்டுச் சிரித்துவிடுகிறாள். உன் தாய் தந்தையர் இவர்கள்தான் என்பதை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். அவ்வளவு நேரம் பாடப் புத்தகமாக இருந்த காதையில் சட்டென்று ஓர் இளம்பெண் தலைகாட்டிவிட்டுப் போகிறாள். மாதவி பெற்ற மகள், தகப்பன் கோவலனைக் கொலைக்குப் பறிகொடுத்தவள், ‘தாய் தந்தையர்’ என்ற உதாரணத்தைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். சாத்தனார் தெரிந்துதான் செய்தாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஒரே குறை, பூதவாதிக்கு இன்னும் நாலு வரி கொடுத்திருக்கலாம். அவனும் பதில் சொல்லட்டுமே.

மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு யோசனை: இருபத்தேழை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வாதி போதும்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. வேற்றுச் சமயப் பின்னணி உள்ள நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்து விழுந்து விழுந்து படிக்கிறாள். மனம் மாறிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?

பதில்: படித்தால் மனம் மாறும் என்பது உண்மையானால் உ.வே. சாமிநாதையரை நாம் இழந்திருப்போம். அவர் சைவர். ‘சீவக சிந்தாமணி’ சமணக் காப்பியம். ஏடு கையில் இருந்தும் பல இடங்கள் புரியாமல், சமணர்கள் வீட்டுக்கே போய் அவர்கள் நூல் கருத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படி ஒரு வீட்டுக்குப் போன நாளில் வீடே விழாக்கோலமாக இருந்திருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், இத்தனை நாள் படித்துவந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாகிறது என்றார்களாம். தான் ஒரு காப்பியமாக நினைத்து ஆராய வந்த புத்தகம் அந்த வீட்டில் இன்னும் உயிரோடு நடமாடுகிறது என்று கண்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1898-இல் பௌத்தக் காப்பியமான மணிமேகலையைப் பதிப்பித்தார், அதற்காகப் பௌத்தத்தையும் உட்கார்ந்து படித்தார். கடைசிவரை சைவராகவே வாழ்ந்தார்.

ஆனால் உங்கள் மகளுக்கு நான் எந்த உத்தரவாதமும் தரமாட்டேன். படிப்பது மனிதர்களை மாற்றத்தான் செய்யும். எந்தத் திசையில் என்று அப்பாவும் சொல்ல முடியாது, பத்திரிகையில் பதில் எழுதுகிறவனும் சொல்ல முடியாது. தடுத்தால் நடப்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்: புத்தகம் பாடநூலுக்கு அடியில் போய்விடும், அதைப் பற்றிய பேச்சும் உங்களிடமிருந்து போய்விடும். அதைவிட, அவள் படித்து முடித்ததும் நீங்களும் எடுத்துப் படியுங்கள். ‘இதில் உனக்கு யாரைப் பிடித்தது?’ என்று கேளுங்கள். ‘என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து புத்தகத்தையே விட்ட பிள்ளைகள் ஏராளம்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் ஆத்திகரா, நாத்திகரா?

பதில்: இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்தால் வேலையே போகப் பார்த்தவன் நான். முன்பு சொன்ன அதே சமய மாத இதழ். தலையங்கத்தின் முதல் வரி ‘ஆத்திக அன்பர்களே’ என்று இருக்க வேண்டும். அச்சுக் கோத்தவர் கை தவறி ‘நாத்திக அன்பர்களே’ என்று கோத்துவிட்டார். மூன்று முறை மெய்ப்புப் பார்த்த என் கண்ணில் அது படவில்லை. இதழ் வெளியாகிவிட்டது. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அந்த வரியின் மேல் விரலை வைத்தார், எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த வாரம் கண்டனக் கடிதங்கள் வந்தன. அவற்றுக்கு நடுவே ஓர் அஞ்சலட்டை. பல வருடங்களாக உங்கள் இதழைக் கதைகளுக்காக விடாமல் படித்துவருகிறேன், என்னையும் சேர்த்து அழைத்தது இதுதான் முதல் முறை, நன்றி என்று எழுதியிருந்தது. ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். கண்டனக் கடிதங்களோடு கோப்பில் போடாமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தார். நான் அந்த வேலையை விட்டு வரும்வரை அது அங்கேயே இருந்தது.